வாசகர் கேள்வி – பதில்: உலக முடிவுகளில் இளைஞருக்கு என்ன இடம்?

பன்னாட்டு மன்றங்கள் எடுக்கும் முடிவுகளில் இளைஞர்கள் பங்கேற்பது குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாக்கியும், நீண்டவற்றைச் சுருக்கியும் இங்கே பதிலளிக்கிறோம்.

கேள்வி: ஐ.நா. மாநாடுகளில் ஓர் இளைஞரையோ சிறுமியையோ மேடையேற்றிப் பேசச் சொல்கிறார்கள். தலைவர்கள் கைதட்டுகிறார்கள், உடன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எவரும் சொல்வதில்லை. உண்மையான பங்கேற்பையும் கண்துடைப்பையும் எப்படிப் பிரித்தறிவது?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இந்தக் கேள்வியை நெடுங்காலமாகச் சிந்தித்தவர்களில் ஒருவர் ரோஜர் ஹார்ட். யுனிசெப் நிறுவனத்துக்காக 1992இல் அவர் எழுதிய கட்டுரையில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அமெரிக்க நகரங்களில் குடிமக்கள் பங்கேற்பைப் பற்றி ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் வகுத்திருந்த ஏணியே அவருக்கு முன்மாதிரி. ஹார்ட்டின் ஏணியில் கீழ்மூன்று படிகளும் பங்கேற்பாகவே கணக்கில் வருவதில்லை. பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளைகளின் வாயால் சொல்லவைப்பது முதற்படி. நிகழ்ச்சிக்கு அழகு சேர்க்க அவர்களை நிறுத்துவது இரண்டாவது. பெயருக்கு ஒருவரைப் பேசவைத்துவிட்டு அவர் சொன்னதை ஒதுக்கிவிடுவது மூன்றாவது. நான்காவது படியிலிருந்துதான் பங்கேற்பு தொடங்குகிறது.

எந்த மாநாட்டைப் பார்த்தாலும் நான் நான்கு விவரங்களைத் தேடுவேன். இளைஞர்களை எப்போது அழைத்தார்கள், அவர்களைத் தேர்ந்தெடுத்தவர் யார், அவர்களுடைய செலவை ஏற்றவர் யார், அவர்கள் பேசி முடித்தபின் அதற்குப் பதில் சொல்லும் கடமை எவருக்கு இருக்கிறது என்பவை அவை. முதல் விவரத்திலேயே பெரும்பாலான ஏற்பாடுகள் தவறிவிடுகின்றன. வரைவு எழுதி முடித்து, நாடுகளுக்குள் பேரமும் முடிந்து, இறுதி வாரத்தில் இளைஞர்களை அழைத்துக் கருத்துக் கேட்பது, நாள் குறித்து, மண்டபம் பேசி, சமையலுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்பதற்கு ஒப்பானது. நான்கில் மிக முக்கியமானது கடைசி விவரம் என்பது என் கருத்து. பதில் சொல்லியாக வேண்டியவர் எவரும் இல்லாத அவையில் எவ்வளவு உணர்ச்சியோடு பேசினாலும் அது பதிவேட்டில் ஒரு வரியாக மட்டுமே நிற்கும்.

1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடந்த புவி உச்சிமாநாட்டில் கனடாவைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி செவர்ன் கல்லிஸ்-சுசுகி ஆற்றிய உரையை இன்றும் பலர் இணையத்தில் தேடிப் பார்க்கிறார்கள். அவரும் தோழியரும் தாங்களே பணம் திரட்டிக்கொண்டு அங்கே போயிருந்தார்கள். அந்த உரை மனத்தைத் தொட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால், அதே மாநாட்டில் நாடுகள் ஏற்றுக்கொண்ட 'செயல்திட்டம் 21' என்ற ஆவணத்தின் 25ஆம் அத்தியாயத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. நீடித்த வளர்ச்சி குறித்த முடிவுகளில் கலந்துகொள்ள வேண்டிய ஒன்பது பெருங்குழுக்களில் ஒன்றாகச் சிறுவர்களையும் இளைஞர்களையும் அந்த ஆவணம் அங்கீகரித்தது. இளைஞர் அமைப்புகள் இன்று ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சிக் கூட்டங்களில் வரைவைப் பார்க்கவும், எழுத்தில் கருத்துச் சமர்ப்பிக்கவும், அவையில் பேசவும் உரிமை கோருவது அந்த வழியாகத்தான். உரையைப் போல அது புகழ்பெறவில்லை, ஆனால் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திறந்திருக்கும் கதவு அதுவே.

கேள்வி: இளைஞர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் பன்னாட்டுச் சட்டமும் நாடுகளுக்கிடையிலான பேச்சுவார்த்தையும் பல்லாண்டுப் பயிற்சி தேவைப்படும் துறைகள். இருபது வயதுப் பிள்ளைகளால் அங்கே என்ன செய்துவிட முடியும்? அனுபவம் வேண்டாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: ஐயா, அனுபவம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. தங்கள் ஐயத்துக்கு விடையாக, சற்று விரிவாகவே ஒரு நிகழ்வை எடுத்துரைக்க விரும்புகிறேன். ஏனெனில், அண்மைக் காலத்தில் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தென்படவில்லை.

பசிபிக் பெருங்கடலில் உள்ள வனுவாட்டு என்ற தீவு நாட்டின் தலைநகர் போர்ட் விலாவில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்டப் படிப்பு வளாகம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு அங்கே படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள், காலநிலை மாற்றத்தைத் தடுப்பதில் நாடுகளுக்கு உள்ள சட்டக் கடமை என்ன என்று ஹேகில் உள்ள சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அவர்கள் பல தீவு நாடுகளிலிருந்து வந்தவர்கள். கடல்மட்டம் உயர்வதும் புயல்கள் வலுப்பதும் அவர்களுக்குப் பாடநூலில் படித்த செய்திகள் அல்ல, சொந்த ஊரில் கண்டவை. 'காலநிலை மாற்றத்தை எதிர்க்கும் பசிபிக் தீவு மாணவர்கள்' என்று தங்கள் அமைப்புக்குப் பெயரிட்டுக்கொண்டார்கள்.

தனி மனிதர்களோ மாணவர் அமைப்போ அந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியாது. ஆனால், ஐ.நா. பட்டயத்தின் 96ஆம் பிரிவின்படி, பொதுச்சபை ஒரு சட்டக் கேள்வியை அனுப்பி நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைப் பெறலாம். பொதுச்சபையை அதற்கு இணங்கவைக்க வேண்டுமானால் முதலில் ஓர் அரசு முன்வர வேண்டும். பிறகு பெரும்பான்மை நாடுகள் துணை நிற்க வேண்டும். இது எளிய காரியமல்ல என்பதற்கு முன்னுதாரணமும் இருந்தது. பலாவு என்ற மற்றொரு பசிபிக் நாடு 2011இல் இதே முயற்சியைத் தொடங்கியும் அது கைகூடவில்லை. ஓர் அரசே நிறைவேற்ற இயலாத ஒன்றை மாணவர்கள் கையில் எடுத்தார்கள்.

அவர்கள் முதலில் பசிபிக் தீவு நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். பிற கண்டங்களின் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு உலகளாவிய துணை அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். நீதிமன்றத்திடம் கேட்க வேண்டிய கேள்வி எப்படி அமைய வேண்டும் என்று சட்ட அறிஞர்களோடு அமர்ந்து விவாதித்தார்கள். 2021 செப்டம்பரில் வனுவாட்டு அரசு இக்கோரிக்கையைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு 18 நாடுகள் கொண்ட குழு வரைவைத் தயாரித்தது. வங்கதேசம், சிங்கப்பூர், ஜெர்மனி, உகாண்டா போன்ற வெவ்வேறு நிலைமைகளில் உள்ள நாடுகள் அதில் இருந்தன. 2023 மார்ச் 29 அன்று, 132 நாடுகளின் இணை முன்மொழிவோடு, பொதுச்சபை அத்தீர்மானத்தை வாக்கெடுப்பின்றி ஒருமனதாக நிறைவேற்றியது.

2024 டிசம்பர் 2 முதல் 13 வரை ஹேகில் வாய்மொழி விசாரணை நடந்தது. 96 நாடுகளும் 11 பன்னாட்டு அமைப்புகளும் நீதிபதிகளின் முன் வாதங்களை எடுத்துவைத்தன. மாணவர் அமைப்பின் தலைவராக விளங்கிய, சாலமன் தீவுகளைச் சேர்ந்த சிந்தியா ஹௌனியூஹியும் அந்த மன்றத்தில் எழுந்து பேசினார். 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் தன் கருத்தை வெளியிட்டது. 15 நீதிபதிகளும் அதில் ஒன்றுபட்டிருந்தார்கள். காலநிலை அமைப்பைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றும், அக்கடமையை மீறுவது பன்னாட்டுச் சட்டத்தின்படி தவறான செயலாகும் என்றும், அதனால் விளைந்த பாதிப்புக்கு உரிய நிபந்தனைகள் நிறைவேறினால் இழப்பீடு உட்பட நிவாரணம் கோர இடமுண்டு என்றும் அது கூறியது. ஆலோசனைக் கருத்து எந்த நாட்டையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் உள்நாட்டு நீதிமன்றங்களும், காலநிலைப் பேச்சுவார்த்தையில் ஈடுபடும் அரசுகளும் இனி அதைப் பார்க்காததுபோல் கடந்துபோவது கடினம்.

இந்நிகழ்வில் அனுபவத்துக்கு உரிய இடம் இருந்தது. மூத்த சட்ட அறிஞர்களும், வனுவாட்டின் தூதர்களும் அமைச்சர்களும் உழைத்திராவிட்டால் மாணவர்களின் கோரிக்கை பல்கலைக்கழக வளாகத்தைத் தாண்டியிருக்காது. அதே வேளையில், இதைக் கேட்டுப் பார்க்கலாம் என்ற துணிவு அனுபவசாலிகளிடமிருந்து வரவில்லை. முன்பு ஒரு முயற்சி தோற்றதை அறிந்தவர்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது, அடுத்த ஐம்பது ஆண்டுகளை அந்தத் தீவுகளில் வாழ வேண்டியவர்கள் தயங்கவில்லை. தாங்கள் பாடம் நடத்திய வகுப்பறைகளிலும் இத்தகைய மாணவர்களைக் கண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: இளைஞர் என்றால் எந்த வயது வரை? முப்பத்தைந்து வயதுக்காரர்கள் இளைஞர் பிரதிநிதி என்று வருகிறார்களே?
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஒரே வரையறை இல்லை. ஐ.நா. தன் புள்ளிவிவரங்களுக்கு 15 முதல் 24 வயது வரை என்று வைத்துக்கொள்கிறது. அமைதி, பாதுகாப்பு குறித்த ஐ.நா. தீர்மானம் 18 முதல் 29 வரை என்கிறது. இந்தியாவின் 2014ஆம் ஆண்டுத் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வரையும், ஆப்பிரிக்க இளைஞர் பட்டயம் 15 முதல் 35 வரையும் கணக்கிடுகின்றன. படிப்பும் வேலையும் குடும்பமும் அமைவதற்கு நாட்டுக்கு நாடு வேறுபட்ட காலம் பிடிப்பதால் இந்த வேறுபாட்டை ஏற்கலாம். ஆனால், 17 வயதினரின் கல்வியைப் பற்றிப் பேச 34 வயதினரை மட்டுமே அனுப்பும் வழக்கத்தை ஏற்க இயலாது.

கேள்வி: போர் நடந்த காலத்தில் பிறந்து, அதன் விளைவுகளோடு வளர்ந்தவன் நான். சமாதானம் பற்றிய முடிவுகளில் இளைஞர்களுக்குப் பங்கு வேண்டும் என்று பாதுகாப்புச் சபை தீர்மானம் நிறைவேற்றியிருப்பதாக அறிகிறேன். அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு நடைமுறையில் ஏதும் பயன் உண்டா?
– பல்கலைக்கழக மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 2015 டிசம்பர் 9 அன்று நிறைவேறிய 2250ஆம் தீர்மானம். ஜோர்தான் அதை முன்னெடுத்தது. அதற்கு முன்பு பாதுகாப்புச் சபையின் ஆவணங்களில் இளைஞர்கள் பெரும்பாலும் ஆயுதம் ஏந்தக் கூடியவர்களாகவோ பாதிக்கப்பட்டவர்களாகவோ மட்டுமே பேசப்பட்டார்கள். சமாதானத்தைக் கட்டியெழுப்புபவர்களாகவும் அவர்களைப் பார்க்க வேண்டும் என்று இத்தீர்மானம் முதன்முறையாக வெளிப்படையாகச் சொன்னது. பங்கேற்பு, பாதுகாப்பு, தடுப்பு, கூட்டுறவு, ஆயுதக் குழுக்களிலிருந்து விலகியோரை மீளச் சமூகத்தில் இணைத்தல் ஆகிய ஐந்தையும் அது வகுத்தது. தொடர்ந்து 2018இல் 2419ஆம் தீர்மானமும், 2020இல் 2535ஆம் தீர்மானமும் வந்தன. கடைசியாகச் சொன்னது, இதன் நடைமுறை பற்றி இரண்டாண்டுக்கு ஒருமுறை அறிக்கை அளிக்கும்படி பொதுச்செயலாளரைக் கேட்டுக்கொண்டது.

இத்தீர்மானங்களின் வாசகங்கள் அரசுகளை வலியுறுத்துகின்றன, ஊக்குவிக்கின்றன, கட்டளையிடவில்லை. நிறைவேற்றாத அரசுக்குத் தண்டனை ஏதும் இல்லை. எனவே ஒரு தீர்மானம் இருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் உங்கள் மாவட்டத்தில் எதுவும் மாறாது. பயன் வேறு வகையில் உண்டு. காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், நல்லிணக்கம் போன்ற விடயங்களில் அரசோ, ஐ.நா. முகவர் நிலையமோ, நிதி வழங்கும் நாட்டுத் தூதரகமோ கலந்தாலோசனை நடத்தும்போது, இளைஞர்களை ஏன் அழைக்கவில்லை என்று பெயரும் எண்ணும் சொல்லிக் கேட்க ஓர் ஆவணம் உங்கள் கையில் இருக்கிறது. அந்த அமைப்புகளின் அலுவலர்கள் தங்கள் அறிக்கைகளில் இத்தீர்மானத்தைப் பற்றி எழுதியாக வேண்டியிருப்பதால், எழுத்தில் கேட்கப்படும் கேள்வியை ஒதுக்கிவிடுவது அவர்களுக்கு எளிதல்ல. ஒரு குழுவாகச் சேர்ந்து, தேதியிட்டு, எழுத்தில் கேளுங்கள். பாதுகாப்பு குறித்த அச்சம் இருக்குமானால், பதிவுபெற்ற ஓர் அமைப்பின் வழியாகக் கேட்பது நல்லது. கருத்துச் சொன்ன இளைஞர்களை மிரட்டலிலிருந்து காப்பதும் பங்கேற்பின் ஒரு பகுதியே என்பதை 2535ஆம் தீர்மானம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதைச் சொற்களோடு நிறுத்திவிடாமல் நடைமுறையாக்குவதில்தான் ஐ.நா. மிகவும் பின்தங்கியிருக்கிறது என்று கருதுகிறேன்.

கேள்வி: ஐ.நா.வின் இளைஞர் தூதராக இலங்கைப் பெண் ஒருவர் இருந்தாரே, அந்தப் பதவியின் அதிகாரம் என்ன? சாதாரண இளைஞர் ஒருவர் தம் நாட்டின் பிரதிநிதியாக ஐ.நா.வுக்குப் போக வழி உண்டா?
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: ஜயத்மா விக்கிரமநாயக்க 2017இல் பொதுச்செயலாளரின் இளைஞர் தூதராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 26. அதற்கு முன்பே இலங்கையின் இளைஞர் பிரதிநிதியாக ஐ.நா.வுக்குச் சென்றவர், 2014 மே மாதம் கொழும்பில் நடந்த உலக இளைஞர் மாநாட்டிலும் பணியாற்றியவர். அவருக்கு முன் 2013இல் ஜோர்தானைச் சேர்ந்த அகமது அல்ஹெண்டாவி அப்பதவியை ஏற்றிருந்தார். தூதர் பதவி பொதுச்செயலாளரின் விருப்பத்தைச் சார்ந்தது. ஒரு சிறிய அலுவலகத்தைக் கொண்டு, ஐ.நா.வின் பெரிய அமைப்புகளை அறிவுரையாலும் இணக்கத்தாலும் மட்டுமே அசைக்க வேண்டியிருந்தது. 2022இல் பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றி நிலையான ஐ.நா. இளைஞர் அலுவலகத்தை உருவாக்கியது. அதன் முதல் தலைவராக, உதவிப் பொதுச்செயலாளர் தரத்தில், உருகுவே நாட்டின் பெலிபே பௌலியே 2023இல் நியமிக்கப்பட்டார். ஒருவரின் ஆர்வத்தை நம்பியிருந்த பணி நிறுவனமாகிவிட்டது என்பது நல்ல முன்னேற்றம். ஆயினும் வாக்களிப்பது உறுப்பு நாடுகளே. இளைஞர் அலுவலகத்துக்கு எந்த அவையிலும் வாக்கு இல்லை.

தங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். நாடுகள் தம் தூதுக்குழுவில் இளைஞர் பிரதிநிதிகளைச் சேர்க்க வேண்டும் என்று ஐ.நா. நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. நெதர்லாந்து 1970 முதல் அனுப்பிவருகிறது. இலங்கையும் அனுப்பியிருக்கிறது. இப்பிரதிநிதிகள் பொதுச்சபையின் சமூக விவகாரங்களுக்கான மூன்றாவது குழுவில் பேசுகிறார்கள். சில நாடுகளில் வரைவுப் பேச்சுவார்த்தையிலும் உடன் அமர்கிறார்கள். தேர்வு முறை முழுவதும் அந்தந்த அரசின் கையில் இருக்கிறது. சில நாடுகளில் இளைஞர் அமைப்புகளின் கூட்டமைப்பு விண்ணப்பம் பெற்று நேர்காணல் நடத்துகிறது. சில நாடுகளில் அமைச்சகமே தெரிவு செய்கிறது. உங்கள் நாட்டின் இளைஞர் விவகாரங்களுக்கான அமைச்சும் தேசிய இளைஞர் சேவைகள் மன்றமும் வெளியிடும் அறிவித்தல்களைக் கவனித்து வாருங்கள். விண்ணப்பம் எல்லா மொழிகளிலும் வந்ததா, தலைநகருக்கு வெளியே நேர்காணல் நடந்ததா, தெரிவின் அளவுகோல்கள் வெளியிடப்பட்டனவா என்று கேட்கும் உரிமை, விண்ணப்பிக்காதவர்களுக்கும் உண்டு.

கேள்வி: நான் 24 வயது ஊராட்சி மன்ற உறுப்பினர். எனக்குக் கிராமசபையிலும் மன்றத்திலும் வாக்கு இருக்கிறது. பன்னாட்டு அமைப்புகளில் இளைஞர்களுக்கு ஆலோசனை சொல்லும் இடம் மட்டும்தானா? முடிவெடுக்கும் உரிமை எங்காவது தரப்பட்டிருக்கிறதா?
– ஊராட்சி மன்ற உறுப்பினர், தேனி மாவட்டம்

பதில்: உங்கள் கேள்வியே ஓர் உண்மையைக் காட்டுகிறது. அரசமைப்புச் சட்டம் ஊராட்சிக்கு 21 வயதிலும், மக்களவைக்கு 25 வயதிலும், மாநிலங்களவைக்கு 30 வயதிலும் போட்டியிட அனுமதிக்கிறது; மேலே போகப் போக வயது வரம்பும் உயர்கிறது. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேர் 30 வயதுக்குக் குறைந்தவர்கள். ஆனால், உலகின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் அந்த வயதினர் 100க்கு 3 பேர்கூட இல்லை என்று நாடாளுமன்றங்களுக்கிடையிலான ஒன்றியம் கணக்கிட்டிருக்கிறது. பன்னாட்டு அவைகளில் அமர்வோர் அரசுகளால் அனுப்பப்படுபவர்கள் ஆதலால், அரசுகளில் இல்லாதவர்கள் அங்கேயும் இருக்க மாட்டார்கள்.

வாக்குரிமை தரப்பட்ட இடம் ஒன்று உண்டு. ஸ்ட்ராஸ்பர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய மன்றம், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வேறான அமைப்பு. 46 நாடுகள் அதில் உறுப்பினர்கள். 1968இல் ஐரோப்பாவை உலுக்கிய மாணவர் கிளர்ச்சிகளுக்குப் பிறகு, இளைஞர்களுக்கான திட்டங்களை இளைஞர்களைக் கேட்காமல் வகுக்க முடியாது என்று அது உணர்ந்தது. 1972இல் ஐரோப்பிய இளைஞர் மையமும், இளைஞர் அமைப்புகளுக்கு நிதி வழங்கும் அறக்கட்டளையும் தொடங்கப்பட்டபோதே கூட்டு நிர்வாக முறையும் வந்துவிட்டது. இளைஞர் அமைப்புகளின் 30 பிரதிநிதிகள் கொண்ட ஆலோசனைக் குழு ஒருபுறமும், இளைஞர் துறை அதிகாரிகள் கொண்ட அரசுகளின் குழு மறுபுறமும் இருக்க, இரண்டும் ஒரே கூட்டுக் குழுவாக அமர்ந்து, இளைஞர் துறையின் முன்னுரிமைகளையும் நிதி ஒதுக்கீட்டையும் முடிவு செய்கின்றன. எந்த அமைப்பின் திட்டத்துக்குப் பணம் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் சிறிய குழுவில் இரு தரப்பினரும் சம எண்ணிக்கையில் இருக்கிறார்கள். அரசுத் தரப்பு தனியாக ஒரு முடிவை எடுத்து மற்றவர்மீது சுமத்த முடியாது. இளைஞர் தரப்பும் அப்படியே.

இதில் எனக்குப் பிடித்தது, பணத்தின் மீதான அதிகாரம் பகிரப்பட்டிருப்பது. உங்கள் ஊராட்சியில் கணக்கைப் பார்க்கும் உரிமை இல்லாத உறுப்பினரை எவரும் மதிக்க மாட்டார்கள். பன்னாட்டு அமைப்பிலும் அதே நிலைதான். குறையும் உண்டு. இந்த அதிகாரம் இளைஞர் துறைக்கு மட்டுமே உரியது. குடியேற்றம், வேலைவாய்ப்பு, தகவல் தொழில்நுட்பம் போன்ற, இளைஞர்களை ஆழமாகப் பாதிக்கும் பிற துறைகளில் அவர்கள் ஆலோசகர்களே. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குலையாமல் இயங்கிவரும் இம்முறையை மற்ற உலக அமைப்புகள் இன்னும் பின்பற்றாதிருப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: என் மகளுக்கு வெளிநாட்டில் நடக்கும் 'இளைஞர் தலைமை மாநாடு' ஒன்றில் பங்கேற்க அழைப்பு வந்திருக்கிறது. ஐ.நா. கட்டடத்தின் படம் அழைப்பில் இருக்கிறது. பதிவுக் கட்டணமே பெருந்தொகை. பயணச் செலவு தனி. கடன் வாங்கி அனுப்பலாமா?
– ஒரு தாய், கோவை

பதில்: அம்மா, தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். ஐ.நா.வைப் போன்ற பெயரும் சின்னமும் வைத்துக்கொண்டு, கட்டணம் பெற்று மாநாடு நடத்தும் தனியார் நிறுவனங்கள் பல இருக்கின்றன. அவற்றில் சில நல்ல பயிற்சியும் தரக்கூடும். ஆனால், அங்கே பன்னாட்டு முடிவு எதுவும் எடுக்கப்படுவதில்லை. ஐ.நா. காலநிலை மாநாட்டில் பார்வையாளராகப் பதிவதற்குக் கட்டணம் கிடையாது. தனிநபராகப் பதியவும் முடியாது. அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பு பெயரைப் பரிந்துரைக்க வேண்டும், அல்லது அரசு தன் தூதுக்குழுவில் சேர்க்க வேண்டும். எனவே அழைப்பு அனுப்பியவர்களிடம், எந்த ஐ.நா. கூட்டம், எந்த அங்கீகாரம், அங்கே என்ன ஆவணம் விவாதிக்கப்படுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் விட்டுவிடலாம்.

தங்கள் கேள்வி இன்னொரு அநீதியையும் காட்டுகிறது. உண்மையான மாநாடுகளுக்கும் விமானச் சீட்டு, விடுதி, விசா ஆகியவற்றின் செலவைத் தாங்கக் கூடிய குடும்பத்துப் பிள்ளைகளே அதிகம் செல்கிறார்கள். வெள்ளத்தில் வீடிழந்த கடலோர ஊரின் இளைஞருக்கு விசா மறுக்கப்படும்போது, அவர் பெயரால் வேறொருவர் பேசுகிறார். பயணச் செலவையும் தினப்படியையும் ஏற்காமல் இளைஞர்களை அழைக்கும் எந்த அமைப்பும் பங்கேற்பைப் பற்றிப் பெருமை பேசலாகாது.

மகளுக்குக் காலநிலையில் ஆர்வம் இருக்குமானால், 'யங்கோ' என்று அழைக்கப்படும் இளைஞர் கூட்டமைப்பில் அவர் கட்டணமின்றிச் சேரலாம். ஐ.நா. காலநிலைப் பேச்சுவார்த்தையில் இளைஞர்களின் அதிகாரபூர்வத் தொகுதியாக 2011 முதல் அது இயங்குகிறது. அதன் பணிக்குழுக்கள் இணையவழிக் கூடி, வரைவுகளை வரிக்கு வரி படித்து, நிலைப்பாட்டு அறிக்கைகளைத் தயாரிக்கின்றன. வீட்டிலிருந்தபடியே ஓராண்டு அப்பணியைச் செய்தவருக்கு, அந்தப் பெருந்தொகை மாநாடு கற்பிக்கக் கூடியதைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு மாணவன். எனக்கு இன்னும் வாக்குரிமை இல்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் உலக அளவிலான முடிவுகளில் ஏதாவது செய்ய முடியுமா?
– மாணவர், திருநெல்வேலி

பதில்: முடியும். குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஐ.நா. 1989இல் ஏற்றது, இந்தியா 1992இல் அதில் இணைந்தது. தன்னைப் பாதிக்கும் எல்லா விடயங்களிலும் கருத்தைத் தெரிவிக்கவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு உரிய மதிப்பைப் பெறவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்று அதன் 12ஆம் பிரிவு கூறுகிறது.

2019இல் பல நாடுகளைச் சேர்ந்த 16 சிறுவர் சிறுமியர், இந்தியாவின் ரிதிமா பாண்டே உட்பட, ஐந்து நாடுகளின் மீது அந்த உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழுவிடம் முறையிட்டார்கள். அர்ஜென்டினா, பிரேசில், பிரான்ஸ், ஜெர்மனி, துருக்கி ஆகிய அந்நாடுகள், காலநிலை மாற்றத்தைத் தடுக்கப் போதியதைச் செய்யாமல் தங்கள் உரிமையை மீறுகின்றன என்பது அவர்கள் வாதம். முதலில் அந்தந்த நாட்டு நீதிமன்றங்களை அணுகியிருக்க வேண்டும் என்று கூறி, 2021இல் குழு முறையீட்டை ஏற்க மறுத்தது. ஆனால், ஒரு நாட்டின் புகை வேறு நாட்டுக் குழந்தைக்கு இழைக்கும் தீங்குக்கு அந்த நாடு பொறுப்பாகக் கூடும் என்ற கருத்தை அது ஏற்றுக்கொண்டது. தன் முடிவை விளக்கி அந்தப் பிள்ளைகளுக்கே ஒரு திறந்த மடலும் எழுதியது. மறுத்தாலும் காரணம் சொல்லி மறுத்தது என்பதை நான் மதிக்கிறேன்.

பிறகு 2023இல், சுற்றுச்சூழலும் குழந்தை உரிமையும் குறித்த தன் 26ஆம் பொதுக் கருத்துரையை அக்குழு வெளியிட்டது. அதைத் தயாரிக்கும்போது 121 நாடுகளின் குழந்தைகளிடமிருந்து 16,000க்கும் மேற்பட்ட கருத்துகளைப் பெற்றது. வரைவு தொடங்கும் முன்பும், பிறகு வரைவின் மீதும் கேட்கப்பட்ட கருத்துகள் என்பதால் அவற்றின் தடம் ஆவணத்தில் தெரிகிறது.

தனிப்பட்ட முறையீட்டுக்கு வழிசெய்யும் கூடுதல் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. எனவே ரிதிமாவைப் போல முறையிட்டாலும் இந்தியாவுக்கு எதிராக அக்குழுவிடம் செல்ல இயலாது. வேறொரு வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது. உடன்படிக்கையில் இணைந்த ஒவ்வொரு நாடும் குறித்த காலத்துக்கு ஒருமுறை அக்குழுவிடம் அறிக்கை அளித்து விசாரணைக்கு உட்பட வேண்டும். அப்போது அரசின் அறிக்கையோடு, குழந்தைகள் தாங்களே தயாரித்த அறிக்கைகளையும் குழு பெற்றுக்கொள்கிறது. அரசு அதிகாரிகள் இல்லாத தனிக் கூட்டத்தில் குழந்தைகளைச் சந்திக்கவும் செய்கிறது. பள்ளியிலோ ஊரிலோ நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, பள்ளிக்குப் போகும் வழி, குடிநீர், கழிப்பறை, குளம், வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் என்று நீங்கள் நேரில் அறிந்தவற்றை எழுதத் தொடங்குங்கள். குழந்தை உரிமைக்காகப் பணிபுரியும் ஓர் அமைப்பின் துணையோடு அனுப்புவது எளிது. பெற்றோரின் சம்மதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அறிக்கையில் எவருடைய முழுப் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டாம்.